37 வயதில் தேசிய அணி, 42 வயதில் கிண்ணம்: அலெக்சாண்டர் டூரிச் ஊர் ஊராகச் சுற்றிய கதை

2012ஆம் ஆண்டு நவம்பர் 25. கோலாலம்பூரின் புக்கிட் ஜலீல் அரங்கம்.

ஏஎஃப்எஃப் சுசுகி கிண்ணக் காற்பந்துப் போட்டியின் குழுச் சுற்று ஆட்டம். நடப்பு வெற்றியாளரான மலேசியா சொந்த மண்ணில் சிங்கப்பூரைச் சந்திக்கிறது. முதல் பாதியிலேயே சிங்கப்பூர் அணித்தலைவர் ஷாரில் இஷாக் 2 கோல் போட்டுவிட்டார். 75ஆவது நிமிடத்தில் மூன்றாவது கோல் விழுகிறது. ஆட்டம் 3-0.

மூன்றாவது கோலைப் போட்டவருக்கு அப்போது வயது 42.

அந்த வயதில் பெரும்பாலான காற்பந்து வீரர்கள் பயிற்றுவிப்பாளராகியிருப்பார்கள். இல்லையென்றால் தொலைக்காட்சியில் உட்கார்ந்து கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் இன்னும் கோல் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் தாம் பிறக்காத ஒரு நாட்டுக்காக.

அவர்தான் அலெக்சாண்டர் டூரிச். இவர் ஏன் இத்தனை ஊர் சுற்றினார்? எப்படிச் சிங்கப்பூரர் ஆனார்? ஓய்வு பெற ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்? பார்ப்போம்.

சுருக்கமா சொன்னா...

- பிறப்பு: 1970 ஆகஸ்ட் 12, அன்றைய யுகோஸ்லாவியாவின் டோபோய் நகருக்கு அருகில். அந்த இடம் இன்று போஸ்னியா ஹெர்செகோவினாவில் இருக்கிறது.
- 1992: பார்சலோனா ஒலிம்பிக்கில் போஸ்னியாவுக்காகப் படகோட்டினார். ஆமாம், காற்பந்து இல்லை. துடுப்புப் படகு!
- 1999: சிங்கப்பூருக்கு வந்தார்.
- 2007: சிங்கப்பூர்க் குடியுரிமை. அதே ஆண்டில் தேசிய அணியில் முதல் ஆட்டம்.
- 2012: தென்கிழக்காசியக் கிண்ணம்.
- 2014: 44 வயதில் ஓய்வு.

காற்பந்தில் ஏன் சிலர் மட்டும் ஊர் ஊரா போறாங்க?

ஒரே குழுவில் தொடங்கி அதே குழுவில் முடிக்கும் வீரர்களை நமக்குப் பிடிக்கும். 'விசுவாசம்' என்று சொல்லிப் பாராட்டுவோம். ஆனால் உலகில் காற்பந்தைத் தொழிலாகக் கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பு அமைவதில்லை.

அதிலும் தாக்குதல் ஆட்டக்காரர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரெயுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 உலகக் கிண்ணக் காலிறுதியில் கானாவுக்கு எதிராகப் பந்தை மெதுவாக நடுவில் தூக்கிப் போட்டுப் பெனால்ட்டியை உள்ளே அனுப்பினாரே, அவர்தான். ஆக அதிகமான குழுக்களுக்கு விளையாடியவர் என்று 2017இல் கின்னஸ் சாதனை படைத்தார். அப்போது அவர் சேர்ந்தது 26ஆவது குழு. அதன் பிறகும் நிற்கவில்லை.

பிரான்ஸின் நிக்கோலா அனெல்காவும் அப்படித்தான். பாரிஸ், லண்டன், மட்ரிட், இஸ்தான்புல், ஷங்ஹாய் எனச் சுற்றி, 2014இல் மும்பை சிட்டி வரை வந்துவிட்டார்.

இதற்குக் காரணம் எளிது. தற்காப்பு வீரர் நன்றாக ஆடுகிறாரா என்று தெரிந்துகொள்ளப் பல ஆட்டங்களை உட்கார்ந்து பார்க்க வேண்டும். தாக்குதல் ஆட்டக்காரருக்கு அது தேவையில்லை. எத்தனை கோல் போட்டார்? அந்த ஓர் எண் போதும். வேறு நாட்டில் இருக்கும் நிர்வாகிகூட அதை வைத்து அவரை எடுத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்துவிடுவார்.

அதே எண்தான் ஆபத்தும். பத்து ஆட்டங்களில் கோல் இல்லையென்றால் முதலில் வெளியே போவதும் அவர்தான். சிறிய லீக்குகளில் வெளிநாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்படும் இடங்கள் சில மட்டுமே. கோல் போடத் தெரிந்தவரைத் தேடித்தான் பெரும்பாலான குழுக்கள் அந்த இடங்களைச் செலவிடும். அதனால் அந்த இடத்துக்கு வருபவர் கோல் போட்டே ஆகவேண்டும்.

டூரிச்சின் கதையிலும் இதெல்லாம் உண்டு. ஆனால் அவர் ஊரைவிட்டு முதலில் கிளம்பியதற்குக் காரணம் காற்பந்து இல்லை.

ஆற்றங்கரைப் பையன்

டோபோய், போஸ்னா ஆற்றின் கரையில் இருக்கும் ஊர். அந்த ஆற்றின் பெயர்தான் நாட்டுக்கும். டூரிச் சிறு வயதில் காற்பந்தும் ஆடினார், ஆற்றில் படகும் ஓட்டினார். உள்ளூர்க் குழுவான ஸ்லோகா டோபோயில் காற்பந்தாட்டக்காரராகத் தொடங்கினார்.

பெயரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். அவருடைய தாய்மொழியில் குடும்பப் பெயரின் முதல் எழுத்து 'ஜ' போல ஒலிக்கும். அங்கே அவர் 'ஜூரிச்'. சிங்கப்பூரில் எல்லாரும் எழுத்தைப் பார்த்து 'டூரிச்' என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

அவர் ஓட்டியது 'கனூ' வகைப் படகு. ஒருவர் மட்டும் ஓட்டும் பந்தயத்தில் படகில் ஒரு முழங்காலை ஊன்றி, ஒற்றை அலகுள்ள துடுப்பால் ஒரே பக்கம் வலிக்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் படகு கவிழும். தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றுக்கும் வேலை. பின்னாளில் அவர் நாற்பது வயதைத் தாண்டி விளையாடியதைப் பார்க்கும்போது, இந்தப் படகுப் பயிற்சியையும் நினைத்துப் பார்க்கத் தோன்றும்.

1992: நாடு உடைந்த ஆண்டு

1992 மார்ச்சில் போஸ்னியா யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து சுதந்திரம் அறிவித்தது. ஏப்ரலில் போர் வெடித்தது. அக்கம்பக்கத்தில் ஒன்றாக வாழ்ந்த போஸ்னியாக்குகள், செர்பியர்கள், குரோவேஷியர்கள் எதிரெதிர் அணிகளில் நின்றனர். 1995 டிசம்பரில் அமைதி உடன்பாடு கையெழுத்தாகும்வரை சண்டை நீடித்தது. சுமார் 100,000 பேர் மாண்டனர்.

டூரிச்சுக்கு அப்போது 21 வயது. தந்தை அவரைக் கிளம்பிப் போகச் சொன்னார். அவர் ஹங்கேரிக்குப் போய்ச் சேர்ந்தார். குடும்பம் அங்கேயே இருந்தது.

அகதியாக இருந்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது. புதிதாகப் பிறந்த போஸ்னியா தன் முதல் ஒலிம்பிக்கிற்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. படகோட்ட வர முடியுமா?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் செர்பிய இனத்தவர். ஊரில் செர்பியப் படைகள் போஸ்னிய அரசாங்கத்துடன் போரிட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த அரசாங்கத்தின் கொடிக்குக் கீழ் நடக்க அவர் சம்மதித்தார். கையில் பணம் இல்லை. வழியில் போகும் வண்டிகளில் இடம் கேட்டுத்தான் பயணத்தைத் தொடங்கினார்.

பார்சலோனாவில் 500 மீட்டர் ஒற்றையர் கனூ பந்தயத்தில் கலந்துகொண்டார். தகுதிச் சுற்றில் முந்த முடியவில்லை. மறுவாய்ப்புச் சுற்றோடு வெளியேறினார். பதக்கம் கிடைக்கவில்லை. போட்டிகள் ஆகஸ்ட் 9ஆம் தேதி முடிந்தன. மூன்று நாள் கழித்து அவருக்கு 22 வயதானது.

மற்ற விளையாட்டாளர்கள் வீடு திரும்பினார்கள். அவருக்குத் திரும்பிப் போக வீடு இருந்த இடத்தில் போர் நடந்துகொண்டிருந்தது. பிறகு அந்தப் போர் அவருடைய தாயாரின் உயிரையும் பறித்துக்கொண்டது. அப்போது மகன் பக்கத்தில் இல்லை.

படகை விட்டுப் பந்துக்கு

படகோட்டிப் பிழைக்க முடியாது. காற்பந்தில் வாய்ப்பு இருந்தது. ஹங்கேரியின் தெற்கிலுள்ள செகெட் நகரக் குழுவில் விளையாடினார். அங்கிருந்து உலகின் மறுமுனைக்கு, ஆஸ்திரேலியாவுக்குப் போனார்.

1990களின் ஆஸ்திரேலியக் காற்பந்து இன்றைய ஏ லீக் மாதிரி கிடையாது. அப்போது இருந்தது தேசிய சாக்கர் லீக். அதிலிருந்த பல குழுக்களைக் குடியேறிகள் தொடங்கியிருந்தனர். சௌத் மெல்பர்ன் கிரேக்கர்களுடையது. சிட்னியின் மார்கோனி ஸ்டாலியன்ஸ் இத்தாலியர்களுடையது. ஞாயிற்றுக்கிழமை அரங்கிற்குப் போனால் விட்டுவந்த ஊரின் மொழி, சாப்பாடு, சண்டை எல்லாம் கிடைக்கும்.

டூரிச் சௌத் மெல்பர்ன், கிப்ஸ்லாந்து ஃபால்கன்ஸ், வெஸ்ட் அடிலெய்ட், மார்கோனி எனக் குழுவுக்குக் குழு மாறினார். அந்த லீக்கின் வீரர்கள் பலருக்குக் காற்பந்து பகுதிநேர வேலைதான். பகலில் வேறு வேலை, மாலையில் பயிற்சி. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த குழுவைத் தேட வேண்டும். சில ஆண்டுகளுக்குள் இத்தனை குழுக்கள் என்றால், எங்கேயும் காலூன்ற முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

1999: "சிங்கப்பூரா? சரி, போய்ப் பார்க்கலாம்"

சிங்கப்பூரின் எஸ் லீக் 1996இல் தொடங்கியது. 1999இல் தஞ்சோங் பகார் யுனைடெட் குழு டூரிச்சை ஒப்பந்தம் செய்தது. அப்போது அவருக்கு 28 வயது. தாக்குதல் ஆட்டக்காரர்கள் பொதுவாக உச்சத்தில் இருக்கும் வயது அது. இன்னும் நான்கைந்து ஆண்டுகள், அதற்குப் பிறகு இறக்கம் என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள்.

எஸ் லீக்கில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். வெளிநாட்டு வீரருக்கு ஒவ்வோர் ஆண்டின் இறுதியும் ஒரு தேர்வு மாதிரி. கோல் போட்டிருந்தால் அடுத்த ஆண்டும் வாடகை கட்டலாம். போடவில்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இவர் பெட்டி கட்டவே இல்லை. குழுக்கள் மாறின. ஊர் மாறவில்லை.

- தஞ்சோங் பகார் யுனைடெட்: 1999
- ஹோம் யுனைடெட்: 2000. அந்த ஆண்டு ஹோம் யுனைடெட் சிங்கப்பூர்க் கிண்ணத்தை வென்றது.
- கேலாங் யுனைடெட்: 2001 முதல். அதே ஆண்டில் முதல் லீக் பட்டம்.
- சிங்கப்பூர் ஆயுதப் படை காற்பந்துக் குழு: 2005 முதல் 2009 வரை. 2006இலிருந்து தொடர்ச்சியாக 4 லீக் பட்டங்கள்.
- தெம்பனிஸ் ரோவர்ஸ்: 2010 முதல் 2014 வரை. 2011, 2012, 2013 என மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்துப் பட்டங்கள்.

கூட்டிப் பார்த்தால் 8 லீக் பட்டங்கள். லீக்கில் மட்டும் 300க்கும் அதிகமான கோல்கள்.

எண்களைவிட அவற்றின் காலத்தைக் கவனியுங்கள். எட்டில் ஏழு பட்டங்கள் அவருக்கு 35 வயதான பிறகு வந்தவை! 2009இல் ஆயுதப் படைக் குழு ஆசிய வெற்றியாளர் லீக்கின் குழுச் சுற்றுக்குப் போன முதல் சிங்கப்பூர்க் குழு என்ற பெயரை எடுத்தது. ஜப்பானின் காஷிமா ஆண்ட்லர்ஸ், தென்கொரியாவின் சுவோன், சீனாவின் ஷங்ஹாய் ஷென்ஹுவா ஆகியவற்றுக்கு எதிராக ஆடியது. அப்போது அவருக்கு 38.

குடியுரிமை: ஒரு நாட்டுக்கு ஒலிம்பிக், இன்னொரு நாட்டுக்குக் காற்பந்து. எப்படி?

இந்தக் கேள்வி பலருக்கும் வரும். ஒருவர் ஒலிம்பிக்கில் ஒரு நாட்டைப் பிரதிநிதித்துவிட்டார். பிறகு எப்படி இன்னொரு நாட்டுக்குக் காற்பந்து ஆடலாம்?

ஃபிஃபா பார்ப்பது காற்பந்தை மட்டும்தான். ஒரு நாட்டின் முதல்நிலைத் தேசிய அணிக்காக அதிகாரத்துவப் போட்டியில் ஆடியவர் வேறு நாட்டுக்கு மாறுவது கடினம். டூரிச் யுகோஸ்லாவியாவுக்கோ போஸ்னியாவுக்கோ அப்படி ஆடியதில்லை. படகோட்டியது கணக்கில் வராது.

அடுத்து, புதிய குடியுரிமை பெற்றவருக்கு அந்த நாட்டுடன் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும். அங்கே பிறந்திருக்கலாம். பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால், குறிப்பிட்ட காலம் அங்கே தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். 2007இல் அந்தக் காலம் 2 ஆண்டு. 2008இல் ஃபிஃபா அதை 5 ஆண்டாக உயர்த்தியது. அப்போது 18 வயதுக்குப் பிறகு வாழ்ந்த ஆண்டுகள் மட்டுமே கணக்கில் எடுக்கப்பட்டன. பணம் கொடுத்து வீரர்களை அவசர அவசரமாகக் குடிமக்களாக்குவதைத் தடுப்பதே நோக்கம்.

டூரிச் அப்போதே 8 ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்தவர். எந்த விதியை எடுத்தாலும் தேறிவிடுவார்.

சிங்கப்பூர் அந்தக் காலத்தில் வெளிநாட்டு விளையாட்டாளர்களைக் குடிமக்களாக்க ஒரு திட்டத்தை வைத்திருந்தது. அதன் பெயர் வெளிநாட்டு விளையாட்டுத் திறனாளர் திட்டம். தாக்குதல் ஆட்டக்காரர்கள் மிர்கோ கிராபோவாட்ஸ், அகு காஸ்மிர் போன்றோர் அதன்வழி தேசிய அணிக்கு வந்தவர்கள். டூரிச் அந்த வழியில் வரவில்லை. இங்கே வாழும் மற்றவர்களைப் போலத் தாமாக விண்ணப்பித்தார். முதல் முயற்சியிலேயே கிடைத்துவிடவுமில்லை. காத்திருந்தார். 2007இல் சிங்கப்பூர்க் குடியுரிமை கிடைத்தது.

37 வயது ஆளுக்குக் குடியுரிமை கொடுத்து அணிக்கு என்ன லாபம் என்று கேட்டவர்களும் உண்டு. அதற்குப் பதில் சில வாரங்களில் வந்தது.

2007 நவம்பர் 9, ஜாலான் புசார்

உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று. எதிரணி தாஜிகிஸ்தான். டூரிச்சுக்குச் சிங்கப்பூர்ச் சட்டையில் முதல் ஆட்டம்.

சிங்கப்பூர் 2-0 என வென்றது. இரண்டு கோலும் டூரிச்.

மறு ஆட்டம் தாஜிகிஸ்தானில் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. சிங்கப்பூர் அடுத்த சுற்றுக்குப் போய் சவூதி அரேபியா, உஸ்பெகிஸ்தான், லெபனான் ஆகியவற்றுடன் ஒரே பிரிவில் ஆடியது.

அன்றைய தேசியப் பயிற்றுவிப்பாளர் ராடோய்கோ அவ்ராமோவிச்சும் முன்னாள் யுகோஸ்லாவியாவைச் சேர்ந்தவர்தான். பிறந்த நாடு வரைபடத்திலிருந்தே காணாமல்போன இருவர், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஒரே அணியில்!

வயசானா ஓட முடியாதே, அப்புறம் எப்படி?

தாக்குதல் ஆட்டக்காரருக்கு முதலில் குறைவது வேகம். அதை நிறுத்த யாராலும் முடியாது. அதை ஈடுகட்டத்தான் முடியும்.

ஒரு வழி, எங்கே நிற்பது என்பதைக் கற்றுக்கொள்வது. பந்து வந்த பிறகு ஓடாமல், வரப்போகும் இடத்துக்கு இரண்டு அடி முன்னாலேயே போய் நின்றுவிடுவது. டூரிச் நல்ல உயரம். பக்கவாட்டிலிருந்து வரும் பந்தைத் தலையால் முட்டுவதற்கும், தற்காப்பு வீரரை முதுகில் தாங்கிக்கொண்டு பந்தைப் பிடித்துவைப்பதற்கும் வேகத்தைவிட உடல்வலுவும் நேரக்கணிப்பும்தான் முக்கியம். அவை இரண்டும் அவரிடம் இருந்தன.

இன்னொன்று உடல். சாப்பாடு, தூக்கம், பயிற்சி மூன்றிலும் கட்டுப்பாடானவர் என்று அவருக்குப் பெயர். எஸ் லீக்கில் வீரர்கள் உடல்தகுதிச் சோதனையில் தேற வேண்டியிருந்தது. 'பீப்' ஒலிக்கு ஒலி வேகத்தைக் கூட்டிக்கொண்டே ஓடும் சோதனை அது. இருபது வயதுப் பையன்களே திணறுவார்கள். அவர் நாற்பதிலும் அதைக் கடந்து விளையாடினார்.

அதோடு, அவருக்கு வேறு பாதுகாப்பு எதுவும் இல்லை. ஓராண்டு ஒப்பந்தத்தில் வாழ்பவருக்கு உடம்புதான் முதலீடு. அதைக் கவனிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேலை இல்லை. அதைத் தெரிந்து நடந்துகொண்டார்.

தேசிய அணியில் ஏற்றமும் இறக்கமும்

எல்லாம் வெற்றிக் கதை என்று நினைத்துவிட வேண்டாம்.

சிங்கப்பூர் 2004, 2007 என இரண்டு முறை அடுத்தடுத்துத் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றிருந்தது. அந்த இரண்டிலும் டூரிச் இல்லை. அவர் வந்த பிறகு நடந்த 2008 போட்டியில் அணி அரையிறுதியில் வியட்நாமிடம் தோற்றது. 2010இல் நிலைமை இன்னும் மோசம். ஃபிலிப்பீன்ஸுக்கு எதிராக டூரிச் கோல் போட்டு அணி முன்னிலையில் இருந்தது. கடைசி நிமிடங்களில் எதிரணி சமன் செய்தது. குழுச் சுற்றோடு சிங்கப்பூர் வெளியேறியது.

வயது 40. இத்தோடு போதும் என்று விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை.

2012 வந்தது. புக்கிட் ஜலீலில் மலேசியாவை 3-0 என வீழ்த்திய அணி, அடுத்து இந்தோனேசியாவிடம் 1-0 எனத் தோற்றது. லாவோஸை 4-3 எனத் திணறித்தான் வென்றது. அரையிறுதியில் ஃபிலிப்பீன்ஸ். இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து விழுந்தது ஒரே ஒரு கோல், கைருல் அம்ரி போட்டது.

இறுதியாட்டத்தில் தாய்லந்து. ஜாலான் புசாரில் 3-1 என வெற்றி. பேங்காக்கில் 1-0 எனத் தோல்வி. மொத்தத்தில் 3-2. சிங்கப்பூருக்கு நான்காவது கிண்ணம். டூரிச்சுக்குத் தேசிய அணியுடன் முதல் கிண்ணம்.

அதோடு அனைத்துலகக் காற்பந்திலிருந்து விடைபெற்றார். 37 வயதில் தொடங்கி 50க்கும் அதிகமான ஆட்டங்கள், 20க்கும் அதிகமான கோல்கள். பலருக்கு முழு வாழ்நாளிலும் கிடைக்காத கணக்கு.

"வெளிநாட்டுக்காரர்தானே?"

இந்தப் பேச்சைச் சிங்கப்பூரில் நிறையக் கேட்டிருப்போம். வெளிநாட்டில் பிறந்தவர்களை அணியில் சேர்த்தால் உள்ளூர்ப் பையன்களுக்கு வாய்ப்புக் குறையாதா? கிண்ணம் வென்றாலும் அது நம்முடையதா?

நியாயமான கேள்விதான். ஒரு சிறு நாட்டின் அணியில் 11 இடங்கள். ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே இருக்க வேண்டும். திட்டத்தின்வழி வந்த சிலர், விளையாடி முடித்ததும் சிங்கப்பூரைவிட்டுப் போனதும் உண்டு. அப்போது ரசிகர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் டூரிச்சின் கதையை அதே தட்டில் வைத்துப் பார்க்க முடியாது. அவர் முதலில் இங்கே வாழ்ந்தார். இங்கே குடும்பம் நடத்தினார். பிறகுதான் குடியுரிமை கேட்டார். அதன் பிறகுதான் தேசிய அணி. வழக்கமான வரிசைக்கு நேர்மாறு. இவரைப் பற்றிப் பேசும்போது 'வெளிநாட்டுக்காரர்' என்ற சொல்லை ரசிகர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொரியாவில் பிறந்து இங்கே லீக்கில் பல ஆண்டு ஆடி, 2021இல் குடியுரிமை பெற்றுத் தேசிய அணிக்கு வந்த சோங் உய் யோங்கைப் பார்க்கும்போதும் அந்த வரிசை தெரியும். முதலில் வாழ்க்கை, பிறகு கடப்பிதழ், அப்புறம் சட்டை.

2014க்குப் பிறகு

2014 பருவத்தின் முடிவில், 44 வயதில், டூரிச் ஓய்வு பெற்றார். அவரோடு எஸ் லீக்கின் ஒரு காலமும் முடிந்தது என்று சொல்லலாம்.

அவர் விளையாடிய குழுக்களைப் பாருங்கள். கேலாங் யுனைடெட் இப்போது கேலாங் இன்டர்நேஷனல். ஹோம் யுனைடெட் 2020இல் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆகிவிட்டது. ஆயுதப் படைக் குழு வாரியர்ஸ் என்று பெயர் மாறி, 2020இலிருந்து லீக்கில் இல்லை. எஸ் லீக்கே 2018இலிருந்து சிங்கப்பூர் பிரிமியர் லீக். ஊர் ஊராகச் சுற்றிய ஆள் ஒரே இடத்தில் நிற்கிறார். சுற்றியிருந்தவைதான் மாறிப்போயின.

2016இல் அவருடைய சுயசரிதை 'பியோண்ட் பார்டர்ஸ்' வெளிவந்தது. 'எல்லைகளுக்கு அப்பால்' என்று பொருள். அதே ஆண்டு தொடங்கிய ஆக்டிவ்எஸ்ஜி காற்பந்துப் பயிலகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். சிறு பிள்ளைகளுக்கான பயிலகம் அது. பெரும்பாலான பிள்ளைகள் அவர் விளையாடியதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பெற்றோருக்குத்தான் தெரியும்: "டேய், இவர் யாருன்னு தெரியுமா?"

சரி, இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கலாம்?

ஒரு வீரரின் விவரப் பட்டியலில் பத்துப் பதினைந்து குழுக்களைப் பார்த்தால், 'எங்கேயும் நிலைக்காதவர்' என்று சட்டென முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரங்களில் அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு போர் இருக்கும், புதுப்பிக்கப்படாத ஒப்பந்தம் இருக்கும், திரும்பிப் போக முடியாத ஒரு வீடு இருக்கும்.

டூரிச் 28 வயதுவரை ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறினார். நிற்கக் கிடைத்த முதல் இடத்தில் நின்றுவிட்டார். பிறகு அங்கேயே 16 பருவங்கள் ஆடினார்.

அடுத்த முறை ஜாலான் புசார் பக்கம் போனால் அந்த அரங்கத்தை ஒரு நிமிடம் பாருங்கள். 15 ஆண்டுகளுக்கு முன்னால் வழியில் போன வண்டியில் இடம் கேட்டு ஒலிம்பிக்கிற்குப் போன ஓர் அகதி, 37 வயதில் அங்கேதான் சிங்கப்பூருக்காக முதல் கோலைப் போட்டார்.